கவுண்டர் வேலையா, தொழிற்சாலை ஓவர்டைமா? பிறை வாசகிக்கு ஒரு பதில்

வாசகியின் கடிதம்:

அக்கா, எனக்கு 23 வயது. பினாங்கின் பிறையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 1,800 ரிங்கிட், ஷிஃப்ட் படி 250. ஓவர்டைம் கிடைக்கும் மாதத்தில் மொத்தம் 2,900 வரை வரும். இப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு வங்கிக் கிளையில் டெல்லர் வேலை, அதாவது கவுண்டரில் பணம் வாங்கிக் கொடுக்கும் வேலை, கிடைத்திருக்கிறது. சம்பளம் 2,200. பதவியின் பெயர் ‘சர்வீஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, உறவினர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். என் தோழியோ, “இன்னும் ஐந்து வருடத்தில் டெல்லர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள். மாதம் 700 ரிங்கிட்டை ஏன் விடுகிறாய்?” என்கிறாள். இன்னொரு கவலையும் உண்டு. அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் கடன் என் பெயரில் இருக்கிறது, இரண்டு மாதத் தவணை பாக்கி. அதனால் வேலை போய்விடுமா? புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை வங்கியே நேரடியாகத் தரும் நிரந்தர வேலை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி மூலம் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் என்றால் வேண்டாம், தொழிற்சாலையிலேயே இருந்துகொண்டு வேறு வங்கிக்கு முயலுங்கள். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1994-இல் பட்டர்வொர்த்தில் டெல்லராகச் சேர்ந்து, 2023-இல் கிளையின் செயல்பாட்டுப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலை எனக்கு என்ன கொடுத்தது, இப்போது எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்ற இரண்டையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். 

முதலில் அந்த 700 ரிங்கிட்டைப் பார்ப்போம். உங்கள் 2,900-இல் ஓவர்டைம் மட்டும் 850. அதைச் சம்பாதிக்க மாதத்துக்கு ஏறக்குறைய அறுபது மணி நேரம் கூடுதலாக நிற்கிறீர்கள். ஆகவே அந்த 700 ரிங்கிட் உங்கள் தூக்கத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் நீங்கள் வாங்கிக்கொள்ளும் விலை. அதை இரண்டு வேலைகளுக்கு இடையிலான சம்பள வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்த ஓவர்டைம்தான். இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஊழியர் சேமநிதிக்குச் சந்தா கணக்கிடும்போது ஓவர்டைம் பணம் சேராது. நீங்கள் 2,900 வாங்கினாலும் உங்கள் சேமநிதிக்குப் போவது 2,050-க்கு உரிய தொகைதான். வங்கியில் 2,200 முழுவதற்கும் சந்தா உண்டு. உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 242 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 286 ரிங்கிட். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் போக உங்கள் கைக்கு வருவது சுமார் 1,940. வருமான வரிப் பிடித்தம் இருக்காது.

1,940 என்ற எண்ணை வீட்டில் அப்பா அம்மாவை உட்கார வைத்து உரக்கச் சொல்லுங்கள். இப்போது நல்ல மாதத்தில் உங்கள் கையில் 2,650 வருகிறது. வீட்டு வாடகையோ தம்பி தங்கையின் படிப்போ அந்தப் பணத்தை நம்பி நடக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நடக்கிறது என்றால், முதல் ஓராண்டு எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் பேசி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அப்பா, மாதக் கடைசியில் பணம் குறையும்போது உங்களைக் குறை சொல்லும் நிலை வரக் கூடாது. தொழிற்சாலைப் பேருந்து இலவசமாக ஏற்றிச் சென்றிருக்கும். இனி பெட்ரோல், வண்டி நிறுத்துமிடம், சீருடை தராத நாட்களுக்கு உடுப்பு எல்லாம் உங்கள் செலவு. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அப்பாவின் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பினாங்கில் ‘பேங்கில் வேலை’ என்ற சொல்லுக்கு வேர் ஆழமானது. 1875-லேயே ஆங்கிலேய வங்கி ஒன்று ஜார்ஜ் டவுனில் கிளை திறந்துவிட்டது. அதே நகரத்தில் நகரத்தார்கள் கிட்டங்கி எனும் தங்கள் கடைகளில் கணக்குப்பிள்ளைகளை வைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒன்று படித்து வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பமே ஒரு படி ஏறியதாக எண்ணிய காலம் இருந்தது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வாடிக்கையாளர் வரிசையில் நின்று என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனார். அந்தப் பெருமைக்குப் பின்னால் அன்று சம்பளமும் இருந்தது, பலமான தொழிற்சங்கமும் இருந்தது. இன்று நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். உங்களுக்குத் தருவது அதைவிட 500 கூட, அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் பினாங்குக் கிளைகளில் புதிய டெல்லருக்கு இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை தருகிறார்கள். நாள் முழுவதும் பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு இது போதாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் தோழி சொல்வதில் பாதி உண்மை. கவுண்டர்கள் குறைகின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். நான் சேர்ந்தபோது எங்கள் கிளையில் ஒன்பது டெல்லர்கள். நான் விடைபெற்ற அன்று மூன்று பேர். மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் கட்ட வரிசையில் நின்றவர்கள் இன்று கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையிலும் கைப்பேசியில் பணம் கட்டும் டுவிட்நவ் கியூஆர் ஒட்டியிருக்கிறது. பணம் போடவும் எடுக்கவும் இயந்திரம். 2022 ஏப்ரலில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஐந்து டிஜிட்டல் வங்கிகளுக்கு அனுமதி வழங்கியது. கிளையே வைக்காமல் நடத்தப்படும் வங்கிகள் அவை. வாடிக்கையாளர் நடமாட்டம் குறைந்த கிளைகளைப் பக்கத்துக் கிளையோடு இணைப்பதும் நடந்துகொண்டிருக்கிறது. ‘டெல்லராகச் சேர்ந்து டெல்லராகவே ஓய்வு பெறலாம்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் கவுண்டருக்கு இன்னும் வருகிறவர்கள் யார் என்பதைத் தோழி பார்த்ததில்லை. இயந்திரத்தால் முடிக்க முடியாத காரியத்தோடு வருகிறவர்கள் அவர்கள். கணவர் இறந்துபோய் அவர் கணக்கில் உள்ள பணத்தை எப்படி எடுப்பது என்று தெரியாத மனைவி. கணக்கு முடக்கப்பட்ட சிறுகடைக்காரர். நிரந்தர வைப்பு முதிர்ந்த தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மோசடிக்காரர்களிடம் சிக்கியவர்கள்.

2022 கடைசியில் நடந்தது இது. ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பெரியவர், அறுபத்தெட்டு வயது இருக்கும், 28,000 ரிங்கிட் ரொக்கமாக வேண்டும் என்று வந்தார். 25,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் என்றால் விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கவுண்டரில் இருந்தவள் உங்கள் வயதுப் பெண், சேர்ந்து எட்டு மாதம்தான். எதற்குப் பணம் என்று கேட்டதற்கு, “வீடு பழுது பார்க்க” என்றார். மனப்பாடம் செய்த குரல். அவர் சட்டைப் பையில் கைப்பேசியின் திரை எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். எதிர்முனையில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பணம் எடுக்கும் படிவத்தின் பின்பக்கத்தில், “ஐயா, யாராவது மிரட்டுகிறார்களா?” என்று தமிழில் எழுதி, கையெழுத்துக் கேட்பதுபோல் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அவர் படித்தார். தலை மட்டும் அசைந்தது. பிறகு பேனாவைப் பிடித்திருந்த கை நடுங்கத் தொடங்கியது. காவல்துறை அதிகாரி என்று சொல்லி மூன்று மணி நேரமாக அவரைத் தொலைபேசியிலேயே பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் அவரை உள்ளே அழைத்துப் போய், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்குத் தொடர்பு கொண்டோம். அவருடைய வாழ்நாள் சேமிப்பு அப்படியே நின்றது. 

அந்தப் பெண் இப்போது கவுண்டரில் இல்லை. சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் பிரிவுக்கு கோலாலம்பூர் தலைமையகம் அவளை எடுத்துக்கொண்டது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். டெல்லர் வேலையைச் சேருமிடமாக நினைக்காதீர்கள், அது ஒரு வாசல். உள்ளே போனபின் மூன்று ஆண்டு என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிளைச் செயல்பாட்டு அதிகாரி, கடன் பிரிவு, வணிக நிதி, பணமோசடித் தடுப்பு என்று ஏதாவது ஒரு பக்கம் நகர வேண்டும். இந்தப் பிரிவுகளில் பல கோலாலம்பூரில்தான் அதிகம், பினாங்கை விட்டு நகரத் தயங்கினால் வாய்ப்பு சுருங்கும் என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள். வங்கியாளர்களுக்கான ஏஐசிபி கழகத்தின் சான்றிதழ்களுக்கு வங்கியே பணம் கட்டுமா என்று சேர்ந்த முதல் மாதமே கேளுங்கள். கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு ஜார்ஜ் டவுனிலேயே வவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இருந்துகொண்டு அதை நினைத்துப் பார்க்க முடியுமா? உங்கள் தொழிற்சாலை வேலையைவிட இதை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் மாலைப் பொழுதுகள் உங்கள் கைக்கு வரும் என்பதுதான்.

அடுத்தது பதவியின் பெயர். இங்கே கவனமாகப் படியுங்கள். ‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எழுத்தர் நிலையில் இருப்பவர்களுக்குத் தேசிய வங்கி ஊழியர் சங்கமான நூபே, வணிக வங்கிகளோடு கூட்டு ஒப்பந்தம் பேசுகிறது. ஆண்டுச் சம்பள உயர்வு, போனஸ், மருத்துவம், படிகள் எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நிர்வாக நிலை என்று வகைப்படுத்திவிட்டால் நீங்கள் அந்தக் குடைக்கு வெளியே நிற்பீர்கள். உங்கள் போனஸும் உயர்வும் மேலாளர் போடும் மதிப்பெண்ணைப் பொறுத்தது ஆகிவிடும். எனவே பணி நியமனக் கடிதத்தில் பதவியின் பெயரைத் தாண்டிப் போய், எந்த நிலை, கூட்டு ஒப்பந்தத்துக்கு உட்பட்டதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

எக்ஸிகியூட்டிவ் என்பதால் ஓவர்டைம் கிடையாது என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் ஓவர்டைம் உரிமை உண்டு. உங்கள் 2,200-ஐ 26-ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 15 ரிங்கிட் 87 சென் வரும். மாலை நான்கு அல்லது நான்கரைக்குக் கதவு சாத்தியதும் வேலை முடிந்துவிடாது. அதற்குப் பிறகுதான் கணக்கு நேராக வேண்டும். நேராகும் வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

நேராகாத நாளையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். எல்லோருக்கும் புது நோட்டு வேண்டும். அச்சகத்து மணம் போகாத ஐம்பது ரிங்கிட் நோட்டுகள். மாலையில் என் பெட்டியில் 200 ரிங்கிட் குறைந்தது, எங்கள் பேச்சில் ‘ஷார்ட்’. மூன்று முறை எண்ணினேன், சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன், குப்பைத்தொட்டியையும் கொட்டிப் பார்த்தேன். புது நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான்கு நோட்டுகள் யாரோ ஒருவருடைய உறையில் போய்விட்டன. அந்த 200-ஐ நான்தான் கட்டினேன், அன்றைக்கு அது எனக்கு ஒரு வாரச் சம்பளம். பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, புதுக்கட்டு எதுவானாலும் இருபுறமும் வளைத்து, விசிறிபோல் விரித்து, ஓரத்தைத் தட்டிய பிறகுதான் எண்ணுவேன். எண்ணும்போது மேலாளரே வந்து பேசினாலும் பதில் சொல்ல மாட்டேன். நீங்களும் அந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் யார் ஏற்பது, டெல்லருக்கென்று தனிப்படி உண்டா, எவ்வளவு வரை வங்கி விட்டுக்கொடுக்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

விற்பனை இலக்கு பற்றியும் கேட்க வேண்டும். இன்று டெல்லர் பணம் எண்ணிக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கடனட்டை, காப்புறுதி, யூனிட் டிரஸ்ட் எனும் கூட்டு முதலீடு பற்றி இரண்டு வார்த்தை சொல்லி வாடிக்கையாளரைப் பக்கத்து மேசைக்கு அனுப்ப வேண்டும். இலக்கு இருக்கிறதா, அதை அடையாவிட்டால் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்படுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன்: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் இலக்குக்காகக் காப்புறுதித் திட்டத்தை விற்காதீர்கள். அந்த மாதம் உங்கள் மதிப்பெண் குறையட்டும்.

கிளை மாற்றம் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள். பிறையில் இருப்பவரைச் சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ மாற்றுவது நடக்கக்கூடியதே. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலையில் இருப்பீர்கள், வீட்டார் எல்லோரும் கோயிலிலோ கல்யாணத்திலோ இருப்பார்கள். 

உங்களிடம் இருக்கும் ஒரு பலத்தை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. பிறையில் வளர்ந்த பிள்ளை, தொழிற்சாலையில் சீனத் தோழிகளோடு இரண்டு வருடம் இருந்தவர், அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனம் கொஞ்சமாவது புரியும் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் டவுன் கிளையில் தமிழ், மலாய், ஆங்கிலத்தோடு ஹொக்கியனும் பேசும் டெல்லருக்கு உள்ள மதிப்பு தனி. வயதான சீனப் பாட்டிகள் வேறு கவுண்டர் காலியாக இருந்தாலும் அப்படிப்பட்ட பெண்ணின் வரிசையில்தான் நிற்பார்கள். மேலாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். 

கடைசியாக அண்ணனின் மோட்டார் சைக்கிள். இதை நான் மிகவும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் வேலை உள்ள பெண்பிள்ளையின் பெயரில் கடன் எடுத்துவிட்டு, தவணை கட்டுவதை மறந்துவிடுகிற பழக்கம் எத்தனையோ பெண்களின் வாய்ப்பைக் கெடுத்திருக்கிறது. வங்கிகள் ஆள் எடுக்கும்போது கடன் வரலாற்றைப் பார்க்கும். பணத்தைக் கையாளப் போகிறவர் தன் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பார்ப்பது அவர்கள் பக்கத்தில் நியாயம். இரண்டு மாதப் பாக்கியால் மட்டும் வேலை போய்விடும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நான்கு மாதமாக வளர்ந்தால் நிலைமை வேறு. பேங்க் நெகாராவின் இ-சி.சி.ரிஸ் சேவையில் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். இன்று இரவே பாருங்கள். பாக்கியை அண்ணன் கட்டட்டும். அவரால் உடனே முடியாவிட்டால் உங்கள் சேமிப்பிலிருந்து கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பணத்தை அவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வங்கி கேட்டால் மறைக்காமல், “அண்ணனுக்காக எடுத்தது, பாக்கியைத் தீர்த்துவிட்டேன்” என்று ரசீதைக் காட்டுங்கள். 

இந்தக் கேள்விகளை எல்லாம் நேரில் கேட்கத் தயக்கமாக இருக்கும். திங்கட்கிழமை காலை வங்கியின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிரந்தரமா ஒப்பந்தமா, எந்த நிலை, கூட்டு ஒப்பந்தம் பொருந்துமா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், டெல்லர் படி, பணக் குறைவு விதி, விற்பனை இலக்கு, கிளை மாற்றம். இவ்வளவும் பத்து வரியில் அடங்கும். பதில் வரும் வரை தொழிற்சாலையில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். அங்கே எத்தனை வார முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் உங்கள் பழைய நியமனக் கடிதத்தில் பார்த்து வைத்து, அதற்கேற்ற தேதியை வங்கியிடம் கேளுங்கள். வந்த பதிலில் ஏதாவது புரியாவிட்டால் செவ்வாய் மாலைக்குள் எனக்கு எழுதுங்கள், அன்று இரவே பதில் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா